மேற்கோள் எண்ணும் சம்புநாத் டேயும்

மருத்துவ ஆராய்ச்சியாளர் ஒருவரின் தகுதியை, அவர் பிரசுரித்த கட்டுரைகள் எத்தனை, பிறர் அவற்றை மேற்கோள் காட்டியது எத்தனை முறை என்ற இரண்டு எண்களைக் கொண்டே நிர்ணயித்துவிடும் வழக்கம், உத்தியோக உயர்விலிருந்து ஆராய்ச்சி மானியம் வரை வேரூன்றியிருப்பதைக் காணும்போதெல்லாம், கல்கத்தாவின் சம்புநாத் டே என் நினைவுக்கு வருகிறார். முயலின் சிறுகுடலில் ஒரு பகுதியை இரு முனையிலும் நூலால் கட்டி, அதனுள் காலராக் கிருமிகளைச் செலுத்தினால் அப்பகுதி நீர் கோத்துப் புடைத்துவிடும் என்பதைச் சக ஆராய்ச்சியாளர் ஒருவருடன் 1953-இல் காட்டிய அவர், கிருமிகளை அறவே வடிகட்டி நீக்கிய திரவமும் அதே விளைவைத் தருவதை நிரூபித்து, 1959-இல் ‘நேச்சர்’ சஞ்சிகையில் எழுதினார். அத்திரவத்தில் இருந்தது, ஜெர்மன் விஞ்ஞானி ராபர்ட் கோக் 1884-இல் ஊகித்திருந்த காலரா விஷம்தான். அந்தச் சிறு கட்டுரையை உலகம் உடனே பொருட்படுத்தவில்லை; ஆண்டுக்கு ஆண்டு எண்ணிக்கை கேட்கும் குழு எதுவும் அன்று அவரைத் தேர்ந்தெடுத்திராது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அமெரிக்க விஞ்ஞானி ஜோஷுவா லெடர்பர்க் நோபல் பரிசுக்கே அவர் பெயரை முன்மொழிந்திருந்தும், நம் தேசத்து விஞ்ஞானக் கழகங்கள் அவருடைய ஜீவிய காலத்தில் அவரை உறுப்பினராக்கவில்லை. மேற்கோள் அட்டவணை முறையை ஸ்தாபித்த யூஜீன் கார்ஃபீல்டு, வெறும் கூட்டுத்தொகையோடு நின்றுவிடாமல், காலரா ஆராய்ச்சி முழுவதிலும் டேக்கு உரிய ஸ்தானத்தை விரிவாக எழுதினார். அது 1986-இல் வெளிவந்தது, டே காலமானது 1985-இல்.