அருவி காணச் செல்வோர் தம் கிணற்றையும் காண்க

முதுகில் ஒரு பையைச் சுமந்துகொண்டு மூன்று நான்கு நாட்களில் மலையகத்து நீர்வீழ்ச்சிகளைப் பார்த்துத் திரும்பும் ஆவல் நம் இளைஞரிடையே பரவியிருக்கிறது. நல்ல ஆவல்தான். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. மாரியில் பெருகிக் கோடையில் வறண்டுவிடும் வழுக்கையாறே நமக்கு ஆறு. வடக்கில் 'அருவி' என்னும் பெயரைத் தாங்கிய அருவியாறும் மன்னாரின் சமதரையிலேயே கடலைச் சேர்கிறது. உடுவிலில் பிறந்த ஒருவர், 263 மீற்றர் உயரத்திலிருந்து விழும் பம்பரகந்தவின் அடியில் நின்று மெய்ம்மறப்பதில் வியப்பில்லை.

ஆனால், படங்களோடு மட்டுமன்றி ஒரு கேள்வியோடும் அவர்கள் திரும்பவேண்டும் என்பதே என் கருத்து.

தலவாக்கலைக்கு அருகே, ஹற்றன் - நுவரெலியா வீதியிலிருந்து காணக்கூடிய சென்கிளேயர் நீர்வீழ்ச்சியை எடுத்துக்கொள்வோம். மேல் கொத்மலை நீர்மின் திட்டத்திற்காக அதற்கு மேலே ஆறு மறிக்கப்பட்டு, ஏறத்தாழ 13 கிலோமீற்றர் நீளச் சுரங்கத்தின் வழியே நீர் திருப்பப்பட்டது. சூழலியலாளரும் மலையக மக்களும் பல ஆண்டுகள் எதிர்த்தனர். பல குடும்பங்கள் வேறிடங்களில் குடியமர்த்தப்பட்டன. 2012இல் 150 மெகாவாற் மின்னிலையம் இயங்கத் தொடங்கியது. பகற்பொழுதில் ஓரளவு நீரை அருவிக்கு விடுவதென்பது எதிர்ப்பினால் கிடைத்த இணக்கம். பயணிகள் நின்று வியப்பது அந்த மிச்ச நீரைத்தான்.

மின்சாரம் வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். அதற்கான விலையை யார் கொடுப்பது என்பதுதான் கேள்வி.

அந்த விலையை உடுவிலும் கொடுத்திருக்கிறது. போரினால் தேசிய மின்கட்டமைப்பிலிருந்து குடாநாடு துண்டிக்கப்பட்டபோது, மலைநீர் தந்த மின்சாரமும் நின்றது. எண்ணெயில் இயங்கும் மின்பிறப்பாக்கிகளே கதியாயின. உடுவில் பிரதேச செயலகப் பிரிவுக்குள் அடங்கும் சுன்னாகத்தில், மின்னிலையக் கழிவெண்ணெய் நிலத்துள் இறங்கிக் கிணறுகளை அடைந்தது. நமது நிலம் சுண்ணாம்புக்கல். மழைநீரை ஊறவிடும் அதே துளைகள் எண்ணெயையும் ஊறவிடும். ஒரு வளவில் கசிந்தது அயல்வளவுக் கிணற்றில் மிதக்கும். தலைமுறைகளாக இறைத்துக் குடித்த கிணற்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பவுசர் நீருக்காகக் குடத்தோடு காத்து நின்றனர் மக்கள். அந்நீரைக் குடிக்கலாமா கூடாதா என்பதில் அறிக்கைகளோ ஒன்றோடொன்று முரண்பட்டன. 2019 ஏப்ரலில்தான் உயர் நீதிமன்றம், மின்னிலையத்தை நடத்திய நிறுவனம் 2 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்தவேண்டும் எனத் தீர்ப்பளித்தது.

இரண்டு ஊர்களுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. அருவி மெலிந்தால் வீதியில் செல்பவரும் கண்டுகொள்வார். ஆகவே அதற்காகக் குரல் எழுந்தது, ஓரளவு நீரும் மீண்டது. நிலத்தடி நீர் கெடுவதைக் கண் காணாது. நாவில் தெரியும்போது காலம் கடந்திருக்கும்.

ஆகவே இளைஞர்களுக்கு ஒன்று சொல்வேன். சென்கிளேயரைப் பாருங்கள், பதுளைக்குச் சென்று துன்ஹிந்தவையும் பாருங்கள். ஊர் திரும்பியதும் உங்கள் வளவுக் கிணற்று நீரைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். கிணறுகளின் பரிசோதனை முடிவுகளை ஆண்டுதோறும் ஊரறிய வெளியிடுமாறு பிரதேச சபையிடம் கேளுங்கள். மலைநாட்டார் தம் அருவிக்காகக் கேட்டதை நாம் நம் கிணற்றுக்காகக் கேட்பது பெரிய காரியமன்று.