18 வருஷம், ஒரே டீம்: வேகம் போன பிறகும் கெர்ஷா தாக்குப்பிடிச்சது எப்படி?

பேஸ்பால் பக்கமே போகாதவரா நீங்க? பரவாயில்லை. ஷோஹெய் ஓட்டானி அடிக்கிற ஹோம் ரன் ரீல்ஸ் ஒண்ணாவது உங்க ஃபீடில் வந்திருக்கும். அதே லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணியில் 18 சீசன் பந்து வீசிவிட்டு, 2025-ல் 37 வயதில் விடைபெற்றவர் கிளேட்டன் கெர்ஷா. இடதுகை பிட்சர். ஓட்டானி அளவுக்கு ரீல்ஸ் கிடையாது. ஆனா இவரோட கதையில் நமக்கு வேண்டிய மேட்டர் நிறைய இருக்கு.

முதல்ல அந்தப் பெரிய நம்பர். 2025 ஜூலை 2, டாட்ஜர் ஸ்டேடியம். சிகாகோ ஒயிட் சாக்ஸுக்கு எதிரான மேட்ச். கெர்ஷாவுக்கு 3,000 ஸ்ட்ரைக்அவுட்டைத் தொட இன்னும் மூணுதான் தேவை. பேட்டரை மூணு ஸ்ட்ரைக்கில் வெளியே அனுப்புறதுதான் ஸ்ட்ரைக்அவுட். ஃபீல்டர்கள் தயவில்லாம எடுக்கிற கிளீன் போல்டுன்னு வெச்சுக்கோங்க. மூணாவதுக்கு ஆறாவது இன்னிங்ஸ் வரை காத்திருக்க வேண்டியதாப்போச்சு. அன்றைக்கு அவர் வீசிய 100-வது பந்து, ஒரு ஸ்லைடர். வின்னி கேப்ரா மட்டையை அசைக்கவே இல்லை. முடிஞ்சது.

மேஜர் லீக் வரலாற்றில் இதைத் தொட்ட 20-வது ஆள் கெர்ஷா. இடதுகைக்காரர்களில் நாலாவது. 3,000-ஐயும் ஒரே அணிக்காக எடுத்தவர்கள் இவருக்கு முன்னால் ரெண்டே பேர்தான்: வால்டர் ஜான்சன், பாப் கிப்சன். ஜான்சன் 1923-ல் தொட்டார், கிப்சன் 1974-ல். இடைவெளியைப் பார்த்தீங்களா?

சரி, இது இவ்வளவு அபூர்வமா இருக்க என்ன காரணம்? சிம்பிள் கணக்குதான். வருஷத்துக்கு 200 வீதம் எடுத்தாலும் 15 வருஷம் ஆகும். 200 எடுக்கணும்னா நிறைய இன்னிங்ஸ் வீசணும். 2013-ல் கெர்ஷா ஒரே சீசனில் 236 இன்னிங்ஸ் வீசினார். இப்போ 200 இன்னிங்ஸைத் தொடுறவங்களை ஒரு கை விரல்களில் எண்ணிடலாம். அஞ்சாறு இன்னிங்ஸ் முழு வேகத்தில் போடு, அப்புறம் அடுத்த ஆள் பார்த்துக்குவான் என்பதுதான் இன்றைய ஃபார்முலா. 2008-ல் லீக்கின் சராசரி ஃபாஸ்ட்பால் வேகம் மணிக்கு 91 மைல் சொச்சம். 2024-ல் அது 94 மைலைத் தாண்டிவிட்டது. கூடவே முழங்கை ஆபரேஷன்களும் ஏறின. வேகத்தைத் துரத்துறதுதான் காயங்களுக்கு முக்கியக் காரணம்னு மேஜர் லீக் நிர்வாகமே 2024 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையில் ஒத்துக்கிச்சு. வெர்லாண்டரும் ஷெர்சரும் ஏற்கெனவே 3,000-ஐத் தாண்டியவர்கள். அடுத்து வரிசையில் நிற்கும் கிறிஸ் சேல் 2025 சீசன் முடிவில் 2,500 சொச்சத்தில் இருந்தார், அப்பவே அவருக்கும் வயசு 36 ஆகியிருந்தது. அவருக்கு அப்புறம் யாருன்னு கேட்டா, எனக்குத் தெரிஞ்சு நம்பிக்கையா ஒரு பேர் சொல்ல முடியலை.

கெர்ஷா முதல் மேட்ச் ஆடினதும் அதே 2008-ல்தான், 20 வயசுப் பையனா. அப்போ அவர் பந்து மணிக்கு 94 மைல் போகும். லீக் முழுக்க வேகம் ஏற ஏற, இவர் வேகம் இறங்கிக்கிட்டே வந்தது. கடைசி சீசனில் சுமார் 89 மைல். அதை வெச்சுக்கிட்டு அந்த சீசனில் 11 வெற்றி, 2 தோல்வி!

எப்படி? வேகத்துக்குப் பதிலா இடம். பேட்டர் விரும்பாத மூலையில் ஸ்லைடர், மேலிருந்து தொப்புன்னு விழுற கர்வ்பால். இளமையில் 2011, 2013, 2014-ன்னு மூணு சை யங் விருது, 2014-ல் எம்.வி.பி வாங்கின அதே ஆயுதங்கள்தான், கொஞ்சம் நிதானமா. உடம்பும் சும்மா விடலை. 2023 நவம்பரில் தோள்பட்டையில் ஆபரேஷன், அடுத்த நவம்பரில் கால்விரலிலும் முழங்காலிலும். சம்பளமும் இறங்கியது. 2014-ல் ஏழு வருஷத்துக்கு 21.5 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டவர், 2025-க்கு உறுதியான தொகையா வாங்கியது 75 லட்சம் டாலர். மிச்சமெல்லாம் ஆடினால் கிடைக்கும் ஊக்கத்தொகை. (75 லட்சம் டாலர் 'இறங்கிய' சம்பளமான்னு நீங்க முறைக்கிறது புரியுது.)

எனக்கு இவரைப் பிடிச்சுப்போனது 2022 ஏப்ரல் மேட்ச் ஒண்ணில். மின்னசோட்டாவுக்கு எதிராக ஏழு இன்னிங்ஸ். 21 பேட்டர் வந்தாங்க, 21 பேரும் அவுட். இன்னும் ஆறு பேரை எடுத்தால் பெர்ஃபெக்ட் கேம். நூறு வருஷத்துக்கும் மேலான வரலாற்றில் அதுவரை 23 பேர்தான் செஞ்ச சாதனை. 80 பந்துதான் வீசியிருந்தார், ஆனாலும் மேனேஜர் டேவ் ராபர்ட்ஸ் அவரை வெளியே எடுத்துட்டார். முந்தைய சீசன் கைக் காயத்தோடு முடிஞ்சிருந்தது, பயிற்சிக்கும் போதிய நாள் கிடைக்கலை. ரசிகர்கள் கொதிச்சாங்க. கெர்ஷா, மேனேஜர் எடுத்தது சரியான முடிவுன்னு சொல்லிட்டு நகர்ந்துட்டார். 'பர்னவுட்' பத்தி நாம தினமும் ஸ்டோரி போடுறோம். ஆபீஸில் கையை மீறி வேலை வரும்போது 'இன்னிக்கு இது போதும்'னு எத்தனை தடவை சொல்லியிருக்கோம்?

எல்லாமே இனிப்பு இல்லை. ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியா எத்தனை ரன் விட்டார்னு பார்க்கிற கணக்கில், லீக் ஆட்டங்களில் இவர் சராசரி 2.53. பிளே-ஆஃபில் அது 4.5-க்கும் மேல். 2019-ல் வாஷிங்டனுக்கு எதிரான வாழ்வா சாவா ஆட்டத்தில் அடுத்தடுத்து ரெண்டு ஹோம் ரன் வாங்கி, டக்அவுட்டில் தனியா உட்கார்ந்திருந்த காட்சி இன்னும் சுத்திக்கிட்டிருக்கு. 'பெரிய மேட்ச்ல சொதப்புவார்' என்ற பேரு 2020 வேர்ல்டு சீரிஸில் ரெண்டு ஆட்டம் ஜெயிச்ச பிறகுதான் கொஞ்சம் அடங்கியது. முழுசா போகலை. 2025 பிளே-ஆஃபிலேயே பிலடெல்பியாவுக்கு எதிரா ரெண்டு இன்னிங்ஸில் 5 ரன் விட்டார்.

அதுக்கப்புறம் வந்ததுதான் அக்டோபர் 27. டொராண்டோவுக்கு எதிரான வேர்ல்டு சீரிஸ் மூன்றாவது ஆட்டம், 18 இன்னிங்ஸ் இழுத்த மராத்தான். 12-வது இன்னிங்ஸில் மூணு பேஸிலும் ஆள், ரெண்டு அவுட். ஒரு ஹிட் விழுந்தா கதை கந்தல். புல்பென்னிலிருந்து கெர்ஷா ஓடி வந்தார். எதிரில் நேதன் லூக்ஸ். மூணு பால், ரெண்டு ஸ்ட்ரைக் வரை போனது. கடைசிப் பந்தை லூக்ஸ் தரையோடு தட்ட, டாமி எட்மன் ஓடி வந்து கிளவுஸாலேயே முதல் பேஸுக்குத் தள்ளிவிட்டார். அவுட். ஸ்ட்ரைக்அவுட் கணக்கில் சேராத ஒரு அவுட்.

கெர்ஷாவின் மொத்தக் கணக்கு 3,052-ல் நின்னது. அந்த லூக்ஸ்தான் அவர் தொழில்முறை வாழ்க்கையில் மேஜர் லீக்கில் பந்து வீசிய கடைசி பேட்டர். நவம்பர் 1-ம் தேதி, ஏழாவது ஆட்டத்தின் 11-வது இன்னிங்ஸில் ஒரு டபுள் பிளேயோடு டாட்ஜர்ஸ் கோப்பையைத் தக்கவைத்தது. அந்த நிமிஷம் கெர்ஷா புல்பென்னில் நின்னு, ஒருவேளை கூப்பிட்டால் போகணுமேன்னு கையைச் சூடேத்திக்கிட்டிருந்தார்.