பகடை உருண்ட பிறகு விதியை மாத்தாதீங்க

தாயம் ஆடியிருப்பீங்க. தாயம் விழாம காய் இறங்காது. பாதி ஆட்டத்துல ஒருத்தர் "எங்க வீட்ல அப்படி இல்லையே"ன்னு ஆரம்பிச்சா என்ன ஆகும்னும் தெரியும்.

'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974-ல் வெளியிட்ட விளையாட்டு. ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் பாத்திரங்களாகப் பேசி ஆடுவார்கள். "இத்தனை விதி இருந்தா கற்பனைக்கு எங்கடா இடம்?" என்பதுதான் ஹாஸ்டலில் வரும் முதல் கேள்வி. விதி இருப்பதால்தான் இடம் என்பேன்.

போன வாரம் எங்க கதைக்களம் திருமயம் கோட்டை, சேதுபதி 1687-ல் கட்டினது. சுவர் ஏறுவான்னு நான் நினைச்ச நண்பன், "நாதஸ்வரக்காரன்னு சொல்லி வாசல் வழியாவே போறேன்"னான். அதுக்குன்னு புத்தகத்துல தனிப் பக்கம் கிடையாது, ஆனா வழி உண்டு. நடுத்தரக் கஷ்டம்னா 15 வேணும். இருபது முகப் பகடையில விழுந்தது 9, அவன் பேச்சுத்திறமைக்கு 3. மொத்தம் 12. போச்சு.

கதை நடத்துன எனக்கே பாவமா இருந்துச்சு, விட்டுடலாமான்னு தோணுச்சு. விடல. காவலாளி, "எங்க, வாசி பார்ப்போம்"னான். பயலுக்கு ஊதவே தெரியாது! அன்னைக்கு ராத்திரி முழுக்க அந்த ஒரு வாசல்லயே கதை ஓடுச்சு.

விதியை மாத்தவே கூடாதுன்னு சொல்லல. ஆட்டத்துக்கு முன்னாடி எல்லாரும் பேசி மாத்துங்க. உருண்ட பிறகு மாத்துனா எதைச் சொன்னாலும் ஜெயிக்கும், அப்புறம் எவனும் நாதஸ்வரம் வரைக்கும் யோசிக்க மாட்டான்.

அடிப்படை விதிகளை 2023-ல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டுட்டாங்க. இலவசம். பகடை இல்லையா? போன்லயே உருட்டலாம்.