வாகனக் காப்புறுதி: "எவ்வளவு?" என்ற ஒரு கேள்வி மட்டும் போதுமா?

2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா சூறாவளி நமது நாட்டில் நூற்றுக்கணக்கான உயிர்களையும் எண்ணற்ற வீடுகளையும் பறித்துச் சென்றது. அந்தப் பேரிழப்பின் முன்னால் வாகனங்களைப் பற்றிப் பேசுவது சிறிய விடயமாகத் தோன்றலாம். ஆனால் வெள்ளம் வடிந்த பின்னர் சேற்றுக்குள் நின்ற வேனும் முச்சக்கர வண்டியும் பல குடும்பங்களின் ஒரே வருமான வழியாக இருந்தன. "ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கிறதுதானே" என்று ஆறுதலடைந்த சிலரை நான் அறிவேன். பொலிசியை எடுத்து வாசித்தபோதுதான் வெள்ளத்துக்கான பாதுகாப்பு அதில் சேர்க்கப்படவே இல்லை என்பது அவர்களுக்குத் தெரியவந்தது.

இதை ஒரு காப்புறுதிக் கம்பனியின் குற்றம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. வாகனம் வாங்கும்போது பத்துப் பேரிடம் விசாரிக்கிறோம். என்ஜினைத் திறந்து பார்க்கிறோம், கராஜ்காரரைக் கூட்டிச் செல்கிறோம். காப்புறுதி என்று வந்தால் மட்டும் "எவ்வளவு?" என்ற ஒரே கேள்வியோடு நிறுத்திக்கொள்கிறோம். பாடசாலை ஓய்வறையில் சக ஆசிரியர்கள் பேசிக்கொள்வதும் அதுவே. யார் ஆயிரம் ரூபா குறைத்துத் தந்தார்கள் என்பதே செய்தி. குறைத்த ஆயிரம் ரூபாவுக்குப் பதிலாக எது குறைந்தது என்று யாரும் கேட்பதில்லை.

சட்டம் கட்டாயப்படுத்துவது யாருக்காக?

1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனப் போக்குவரத்துச் சட்டத்தின்படி, காப்புறுதி இல்லாமல் வீதியில் வாகனம் செலுத்த முடியாது. காப்புறுதிச் சான்றிதழ் இல்லாவிட்டால் வருடாந்த வருமான அனுமதிப்பத்திரமும் கிடைக்காது. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் சட்டம் கட்டாயப்படுத்துவது நமது வாகனத்தைக் காப்பாற்றுவதற்காக அல்ல. நமது வாகனத்தால் பிறர் மரணித்தாலோ காயமடைந்தாலோ அவர்களுக்கு நட்டஈடு கிடைக்க வேண்டும் என்பதற்காகவே. அதனால்தான் அதற்கு மூன்றாம் தரப்புக் காப்புறுதி என்று பெயர்.

இந்த அடிப்படையை விளங்கிக்கொண்டால் காப்புறுதியைப் பற்றிய நமது பார்வையே மாறிவிடும். அது முதலில் பிறருடைய உரிமை, அதாவது ஹக்குல் இபாத். தவறுதலாக ஓர் உயிரைப் போக்கியவர் அந்தக் குடும்பத்துக்கு நட்டஈடு வழங்க வேண்டும் என்பது அல்குர்ஆனின் சூரா அன்னிஸா நமக்கு விதித்த சட்டம். அந்தத் தொகையைத் தனிமனிதன் தாங்க முடியாது என்பதால், உறவினர் கூட்டமான ஆகிலா அதைப் பகிர்ந்து செலுத்தும் முறை நபி (ஸல்) அவர்களின் காலத்திலும் நடைமுறையில் இருந்தது. இன்று ஆகிலா இல்லை. அதன் இடத்தில் நமக்கு இருப்பது அந்தச் சான்றிதழும் அதில் எழுதப்பட்டுள்ள எண்களும்தான். அந்த எண்களில் மூன்றை ஒவ்வொரு வாகன உரிமையாளரும் தெரிந்திருக்க வேண்டும்.

முதலாவது எண்: பிறருடைய சொத்துக்கான எல்லை

சட்டம் கட்டாயப்படுத்துவது உயிருக்கும் உடலுக்குமான பாதுகாப்பை. பிறருடைய வாகனம், மதில், கடை போன்ற சொத்துகளுக்கு ஏற்படும் சேதத்துக்குக் கம்பனி எவ்வளவு வரை பொறுப்பேற்கும் என்பது பொலிசியில் குறிப்பிடப்படும் ஒரு தொகை. மலிவான பொலிசிகளில் இந்தத் தொகை மிகச் சிறியதாக இருக்கலாம்.

ஓர் உதாரணம் பார்ப்போம். உங்கள் பொலிசியில் சொத்துச் சேதத்துக்கான எல்லை 2 இலட்சம் ரூபா என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பிழையால் ஒரு புதிய ஜீப் வண்டியின் முன்பகுதி நொறுங்கி, திருத்தச் செலவு 9 இலட்சம் ஆகிறது. கம்பனி 2 இலட்சத்தோடு நின்றுவிடும். மீதி 7 இலட்சம் உங்கள் கடன். வாகனத்தை வேறொருவர் ஓட்டியிருந்தாலும் உரிமையாளர் மீதும் மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈட்டு வழக்குத் தொடர வழியுண்டு.

நாணய மதிப்பு வீழ்ந்த பின்னர் இந்த எல்லையின் பெறுமதியும் வீழ்ந்துவிட்டது என்பதை நாம் கவனிக்கவில்லை. 2022 மார்ச் ஆரம்பத்தில் ஒரு டொலர் 200 ரூபா அளவில் இருந்தது. அதே வருடம் மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. உதிரிப்பாகங்களின் விலையும் கூடவே ஏறியது. அதற்கு முன்னர் போதுமாக இருந்த எல்லையைப் பலர் இன்னும் மாற்றாமல் வருடாவருடம் புதுப்பித்து வருகிறார்கள். இந்த எல்லையை உயர்த்த மேலதிகமாக எவ்வளவு கட்ட வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். கேட்காமல் யாரும் உயர்த்தித் தரமாட்டார்கள்.

இரண்டாவது எண்: காப்புறுதித் தொகை

முழுமையான காப்புறுதி வைத்திருப்போர் கவனிக்க வேண்டியது இது. 2020 மார்ச் மாதத்தில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்து வருடங்களில் பழைய வாகனங்களின் விலை தங்கம்போல ஏறியது. ஆனால் பிரிமியத்தைக் குறைப்பதற்காகப் பலர் தமது வாகனத்தின் பெறுமதியைப் பழைய கணக்கிலேயே காட்டி வருகிறார்கள்.

இதில் உள்ள ஆபத்து சராசரி விதி எனப்படும் நிபந்தனை. சந்தையில் 80 இலட்சம் பெறுமதியான காரை 50 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்தால், நீங்கள் எட்டில் ஐந்து பங்கையே காப்புறுதி செய்திருக்கிறீர்கள். மீதி மூன்று பங்குக்கு நீங்களே பொறுப்பு. எனவே திருத்தச் செலவு 4 இலட்சம் என்றால், அந்த நிபந்தனையின்படி உங்களுக்குக் கிடைப்பது இரண்டரை இலட்சம். "நான் 50 இலட்சத்துக்குக் கட்டியிருக்கிறேன், 4 இலட்சம்தானே கேட்கிறேன்" என்ற வாதம் அங்கே எடுபடாது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பெறுமதியைக் கூட்டிக் காட்டுவதாலும் இலாபம் இல்லை. வாகனம் முற்றாக அழிந்தால் பொதுவாகக் கிடைப்பது காப்புறுதித் தொகை, அன்றைய சந்தைப் பெறுமதி ஆகிய இரண்டில் குறைந்தது எதுவோ அதுவே. இப்போது புதிய வாகனங்கள் வர ஆரம்பித்துள்ளதால் விலைகள் அசைகின்றன. எனவே ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்கும்போது சந்தைப் பெறுமதியை விசாரித்து எழுதுவதே அறிவுடைமை.

மூன்றாவது எண்: எக்ஸஸ்

ஒவ்வொரு இழப்பிலும் முதலில் நமது கையிலிருந்து கொடுக்க வேண்டிய தொகையே எக்ஸஸ். இதைக் கூட்டினால் பிரிமியம் குறையும். முகவர் சொல்லும் மலிவான விலையின் இரகசியம் பல வேளைகளில் இங்கேதான் இருக்கிறது.

எக்ஸஸைக் கூட்டுவது எப்போதும் தவறு என்று நான் சொல்லவில்லை. கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். எக்ஸஸை 10,000 ரூபாவிலிருந்து 50,000 ரூபாவுக்கு உயர்த்தினால் வருடத்துக்கு 8,000 ரூபா குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் கூடுதலாக ஏற்கும் சுமை 40,000 ரூபா. அதைச் சமன்செய்ய ஐந்து வருடங்கள் விபத்தின்றிக் கழிய வேண்டும். கவனமாக ஓட்டுபவர், வீட்டில் அந்த 50,000 ரூபாவை எந்நேரமும் எடுக்கக் கூடியவர் என்றால் அது நல்ல தெரிவு. சிறு தட்டல்களுக்கெல்லாம் கம்பனியிடம் போகாமல் நோ க்ளைம் போனஸையும் காப்பாற்றிக்கொள்வார். ஆனால் மாதக் கடைசியில் கைமாற்று வாங்கும் குடும்பத்துக்கு அது பொருந்தாது. விபத்து நடந்த அன்று எக்ஸஸைக் கட்ட வழியில்லாமல் வாகனம் கராஜில் நின்றால், அன்றாட வருமானமும் நின்றுவிடும்.

சேர்த்தால்தான் உண்டு

"ஃபுல்" என்ற சொல்லை நம்பி ஏமாற வேண்டாம். வெள்ளம், புயல், மண்சரிவு போன்ற இயற்கை அனர்த்தங்கள் பல பொலிசிகளில் தனியாகச் சேர்க்க வேண்டியவை. சாரதிக்கும் பயணிகளுக்குமான தனிநபர் விபத்து நன்மையும் அப்படியே. வெள்ளத்தில் மூழ்கிய வாகனத்தை உடனே ஸ்டார்ட் செய்து என்ஜினைக் கெடுத்துக்கொண்டால், அந்தச் சேதம் மறுக்கப்படவும் கூடும்.

நமது சமூகம் மறக்கக் கூடாத இன்னொன்று உண்டு. 2014 ஜூனில் அளுத்கமயிலும், 2018 மார்ச்சில் திகனயிலும் கண்டி மாவட்டத்தின் ஏனைய ஊர்களிலும், 2019 மே மாதத்தில் குருநாகல், கம்பஹா மாவட்டங்களிலும் நமது வீடுகளோடும் கடைகளோடும் வாகனங்களும் எரிக்கப்பட்டதைக் கண்டோம். கலவரம், வேலைநிறுத்தம், குடியியல் குழப்பம், பயங்கரவாதம் ஆகியவற்றால் ஏற்படும் இழப்பு தனியான ஒரு பாதுகாப்பு. அரசின் தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தினூடாக அது வழங்கப்படுகிறது. பிரிமியத்தில் சிறு தொகையை மிச்சப்படுத்த அதை வெட்டிவிடுவோர் அந்த மூன்று வருடங்களையும் ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும். அப்படி ஒன்று இனி நடக்கக் கூடாது என்று துஆச் செய்வோம். துஆவோடு ஏற்பாட்டையும் செய்வோம்.

தகாஃபுல் எடுத்தால் போதுமா?

வணிகக் காப்புறுதியில் வட்டி, நிச்சயமின்மை, சூதாட்டம் ஆகிய அம்சங்கள் கலந்திருப்பதால் நம்மில் பலர் அதைத் தவிர்க்கிறார்கள். சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி 1985இல் ஜித்தாவில் எடுத்த தீர்மானம் வணிகக் காப்புறுதியைத் தடுத்து, பரஸ்பர ஒத்துழைப்பின் அடிப்படையிலான முறையை மாற்றாக முன்வைத்தது. இலங்கையில் 1999இல் அமானா தகாஃபுல் ஆரம்பிக்கப்பட்டதிலிருந்து அந்த வழி நமக்குத் திறந்திருக்கிறது.

ஆனால் இங்கே இரண்டு விதமான கவனயீனங்களைக் காண்கிறேன். ஒன்று, தகாஃபுல் என்ற பெயரைக் கண்டதும் வாசிக்காமல் கையொப்பமிடுவது. தகாஃபுல் ஒப்பந்தத்திலும் எல்லை உண்டு, எக்ஸஸ் உண்டு, சேர்க்கப்படாதவை உண்டு. ஹலாலான ஒப்பந்தத்தை வாசிக்காமல் விடலாம் என்று யாரும் பத்வா கொடுக்கவில்லை. மற்றது, "காப்புறுதி கூடாது" என்று சொல்லிச் சட்டத்துக்காக மிக மலிவானதை மட்டும் எடுத்து வைப்பது. பேணுதல் என்ற வகையில் அதை மதிக்கிறேன். ஆனால் நமது வாகனம் இடித்த ஏழைத் தொழிலாளியின் முச்சக்கர வண்டிக்கு யார் பணம் கொடுப்பது என்ற கேள்விக்கும் அவர் பதில் வைத்திருக்க வேண்டும்.

ஜனாஸாத் தொழுகைக்கு முன் "மர்ஹூம் யாருக்காவது கடன் கொடுக்க வேண்டியிருந்தால் குடும்பத்தாரிடம் தெரிவியுங்கள்" என்று அறிவிக்கிறோம். வீதியில் நாம் ஏற்படுத்திய சேதமும் அந்தக் கடனில் அடங்கும்.

செய்ய வேண்டியவை

பணம் கட்டிக்கொண்டிருந்தும் உரிமையை இழக்க வைக்கும் பழக்கங்கள் சில நம்மிடம் உள்ளன. உரிமை மாற்றாமல் "ஓபன் பேப்பரில்" வாகனத்தை வைத்திருப்பது, சொந்தப் பாவனை என்று எழுதிவிட்டு வாடகைக்கு ஓட்டுவது, அனுமதிப்பத்திரம் இல்லாத பிள்ளையிடம் சாவியைக் கொடுப்பது ஆகியவை அவற்றில் முக்கியமானவை. விபத்து நடந்ததும் கம்பனிக்கு அறிவிக்காமல் "சமாதானமாகப் போவோம்" என்று பிழையை ஏற்று எழுதிக் கொடுப்பதும் அப்படித்தான். சமாதானம் நல்லது. ஆனால் பொலிசியின் நிபந்தனையை மீறிச் செய்தால், காயப்பட்டவருக்குக் கிடைக்க வேண்டிய முழுத் தொகையும் கேள்விக்குறியாகிவிடும்.

கோரிக்கை அநியாயமாக மறுக்கப்பட்டால் வீட்டில் இருந்து கம்பனியைத் திட்டுவதில் பயனில்லை. மறுப்பையும் காரணத்தையும் எழுத்தில் கேளுங்கள். முதலில் கம்பனியின் மேலிடத்துக்கு முறையிடுங்கள். அதன் பின்னர் இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவும் காப்புறுதிக் குறைகேள் அதிகாரியும் இருக்கிறார்கள்.

நமது பள்ளிவாசல் நிர்வாகங்களும் வாலிபர் அமைப்புகளும் இவ்விடயத்தில் ஒரு சிறு பணியைச் செய்யலாம். வருடத்தில் ஒரு நாள், இஷாத் தொழுகையின் பின்னர், ஊரிலுள்ள வாகன உரிமையாளர்களைத் தமது பொலிசியோடு வரச் சொல்லுங்கள். சட்டத்தரணி ஒருவரும் காப்புறுதித் துறையில் அனுபவமுள்ள ஒருவரும் இருந்தால் போதும். ஒவ்வொருவரும் தமது பொலிசியில் அந்த மூன்று எண்களையும் தேடி அடிக்கோடிடட்டும். முகவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் தாமாகவே வரும்.

அடுத்த முறை பொலிசியைப் புதுப்பிக்கப் போகும்போது "எவ்வளவு?" என்று தாராளமாகக் கேளுங்கள். அதன் பிறகு "எது வரைக்கும்? எதற்கெல்லாம்? முதலில் நான் எவ்வளவு?" என்ற மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள். பிறருடைய ஹக்கோடு அல்லாஹ்விடம் திரும்பிச் செல்லும் நிலையிலிருந்து அவன் நம் அனைவரையும் பாதுகாப்பானாக.