நெருப்புப் பூ

ஜப்பானியர் வாணவேடிக்கையைப் பெரும்பாலும் கோடைகாலத்திலேயே நடத்துகிறார்கள். அவர்கள் பாஷையில் அதற்கு 'நெருப்புப் பூ' என்று பொருள்படும் பெயர் வழங்குகிறது. பெயர் வைத்தவர் நல்ல ரஸிகர்தான்! அந்தி சாய்வதற்கு முன்பே குடும்பம் குடும்பமாக ஆற்றங்கரைக்கு வந்து, விரிப்பை விரித்து இடம் பிடித்துவிடுகிறார்கள். மெல்லிய பருத்தி அங்கி தரித்து, கையில் விசிறியுடன் தாயும் குழந்தைகளும் வானத்தை நோக்கி அமர்ந்திருப்பதே கண்கொள்ளாக் காட்சி.

டோக்கியோவின் ஸுமிதா நதிக்கரையில் வாணம் மலரும்போது "தாமயா! காகியா!" என்று கூவுவது பழைய சம்பிரதாயம். இவை முற்காலத்து வாணக்கடைகள் இரண்டின் பெயர்கள். தாமயா கடையில் 1843ல் மூண்ட தீ அக்கம்பக்கத்து வீடுகளையும் கொளுத்திவிடவே, முதலாளியை நகரைவிட்டே வெளியேற்றினார்கள். பெயரை மட்டும் ஜனங்கள் விட்டுவிடவில்லை!

ஆயினும் நம் உள்ளத்தை உருக்குவது நாகவோகா நகரத்து விழாவேயாகும். 1945 ஆகஸ்டு 1ந் தேதி இரவு பத்தரை மணிக்கு அமெரிக்க விமானங்கள் அந்நகரின்மீது தீக்குண்டுகளைப் பொழிந்தன. மாண்டவர் 1,488 பேர். மறு வருஷமே நகரத்தார் புனருத்தாரண விழா எடுத்தார்கள். 1947ல் வாணவேடிக்கையும் திரும்பி வந்தது. இப்போது ஆகஸ்டு 2, 3 தேதிகளில் ஷினானோ நதிக்கரையில் அது நடைபெறுகிறது. மூன்றடி விட்டமுள்ள ராக்ஷஸக் குண்டு ஒன்று வானில் சுமார் 650 மீட்டர் அகலத்துக்குப் பூக்கிறது!

முதல் தேதி இரவோ வேறு. சரியாகப் பத்தரை மணிக்கு 'வெண்சாமந்தி' என்னும் வெள்ளை வாணங்கள் மட்டும் எழும்புகின்றன. அன்று நெருப்பு மழையில் ஓடிப் பிழைத்த சிறுவர் இன்று எண்பதைக் கடந்த முதியோர். மறுநாள் அந்தியில் பேரன் பேத்திகள் கையைப் பிடித்து இழுக்கும்போது, அவர்களும் ஆற்றங்கரைக்குப் புறப்படத்தான் வேண்டியிருக்கிறது.