தாத்தா சைக்கிளும் சரள் ரோடும்

மலர் என்றால் ஆளுக்கொரு கவிதையும், வேலைவாய்ப்புப் பற்றி ஒரு கட்டுரையும் வருவது வழக்கம். நான் ஒரு பழைய சைக்கிளைப் பற்றி எழுத வந்திருக்கிறேன். சிரிக்காதீங்க! ஒர்க்‌ஷாப் பின்னாடி வேப்பமரத்தில் சாய்ந்து நிற்குமே ஒரு கறுப்பு வண்டி, "ஏலே, மியூசியத்துல இருந்து தள்ளிட்டு வந்தியா?" என்று நீங்க கேட்டீங்களே, அதே வண்டிதான்.

எங்க ஊர் சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே, கழுகுமலை ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. காலையில் ஒரே பஸ். அதை விட்டால் முதல் ஹவர் போச்சு. இப்படிப் போன ஹவர்களால் செகண்ட் செமஸ்டரில் அட்டெண்டன்ஸ் குறைந்து, ஃபைன் கட்டித்தான் பரீட்சை எழுதினேன். என்னோடு பத்தாவது படித்துவிட்டு பிளஸ் ஒன் போனவர்களுக்கு அரசு சைக்கிள் கிடைத்தது. டிப்ளமோவுக்கு வந்த எனக்கு வரவில்லை. தாத்தா வண்டியைப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுவிட்டு, தவணையில் பைக் எடுக்கலாம் என்றார் அப்பா. அம்மா தறிக்குப் போய் வாங்குகிற கூலியில்தான் அந்தத் தவணை போகும். நான் வேண்டாம் என்றுவிட்டேன்.

தார் ரோட்டில் சுற்றி வந்தால் பதினொரு கிலோமீட்டர். குளத்தங்கரை வண்டிப்பாதையில் வந்தால் ஏழு. அதில் பாதி சரள், மீதி கரிசல். முதலில் மாமா பையனின் கியர் சைக்கிளை இரவல் வாங்கி இந்தப் பாதையில் ஓட்டிப் பார்த்தேன். மூன்றாம் வாரமே புழுதியும் மண்ணும் ஏறிப் பின் கியர் வளைந்து செயினைக் கடித்துவிட்டது. சாமானுக்கு மதுரைக்குப் போகணும் என்றார்கள்.

தாத்தா வண்டியில் கம்பெனி பெயரெல்லாம் அழிந்து போச்சு. ஹெர்குலிஸ் என்பார் அப்பா, ராலே என்பார் சித்தப்பா. எதுவானால் என்ன? 28 அங்குலச் சக்கரம், ஒன்றரை அங்குல டயர், முன்னால் 32 கம்பி, பின்னால் 40 கம்பி. ஃபோர்க் நன்றாக முன்னால் வளைந்திருப்பதைப் பாருங்கள். கல்லில் ஏறும்போது வருகிற அதிர்ச்சியில் கொஞ்சத்தை அந்த வளைவே ஸ்பிரிங் மாதிரி வாங்கிக்கொள்ளும். ஒரு விஷயம், சரளில் போகும்போது டயரில் காற்றைக் கல்லு மாதிரி அடிக்கக் கூடாது. கட்டைவிரலால் அமுக்கினால் லேசாக அமுங்கணும்.

மெக்கானிக்கல் நண்பர்களே, ஃபட்டீக் பாடத்தில் எஸ்-என் கர்வ் வரைந்தோமே, ஞாபகம் இருக்கா? எஃகுக்கு எண்டூரன்ஸ் லிமிட் என்று ஒன்று உண்டு. அதற்குக் கீழே எத்தனை லட்சம் தடவை குலுக்கினாலும் அசையாது. அலுமினியத்துக்கு அப்படித் திட்டமான எல்லை கிடையாது. இதை நான் பத்து மார்க்குக்காக மனப்பாடம் செய்தேன். ஆனால் புரிந்தது குளத்தங்கரையில்தான்.

ஆடித்தபசு முடிந்த வாரம், வண்டித் தடத்தில் சக்கரம் இறங்கி விழுந்து ஃபோர்க் ஒரு பக்கம் கோணிவிட்டது. சைக்கிள் கடை அண்ணாச்சி ஒரு பைப்பைச் சொருகி, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்து, இருபது நிமிஷத்தில் நிமிர்த்திக் கொடுத்தார். "தம்பி, இன்னொரு தடவை வளைஞ்சா நிமிர்த்தச் சொல்லாதீய, மாத்திருங்க" என்றும் சொன்னார். நம் ஆசிரியர்கள் கோபிக்கக் கூடாது, அவரும் ஒரு ஆசிரியர்தான்.

குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். வண்டி இருபது கிலோவுக்குப் பக்கம் கனம். ராடு பிரேக் மழையில் நனைந்தால் சாமி கும்பிட்டுக்கொண்டுதான் இறங்கணும். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் கரிசல் மண் மட்கார்டுக்குள் அப்பி, சக்கரமே சுற்றாது. அப்புறம் வண்டி நம்மைச் சுமப்பது போய், நாம் வண்டியைச் சுமக்கணும்! அந்த இரண்டு மாதமும் நான் பதினொரு கிலோமீட்டர் ஆசாமி.

இத்தாலி நாட்டில் 1997 முதல் எரோய்க்கா என்று ஒரு விழா நடக்கிறது. 1987க்கு முன் செய்த பழைய எஃகு ரேஸ் சைக்கிள்களோடு வந்து, டஸ்கனி பகுதியின் வெள்ளைச் சரள் பாதைகளில் ஓட்டுகிறார்கள். அந்தப் பாதைகளைத் தார் போட்டு மூடிவிடாமல் காப்பாற்றவும் அது தொடங்கப்பட்டதாம். அங்கே வெளிநாட்டுக்காரர்கள் விமானம் ஏறி வந்து செய்வதை நான் தினம் காலையில் எட்டு மணிக்குச் செய்கிறேன். வித்தியாசம், எனக்கு எட்டே முக்காலுக்கு டிராயிங் கிளாஸ் இருக்கிறது. எங்க ஊர்ப் பாதைக்குத் தார் வந்தால் நான் சந்தோஷப்படுவேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்தியாவில் அட்லஸ் கம்பெனியின் சாகிபாபாத் ஆலை 2020 ஜூன் 3 அன்று மூடியது. அன்று உலக சைக்கிள் தினம்! ஆகையால் வீட்டுத் தொழுவத்தில் கிடக்கும் பழைய வண்டியை எடைக்குப் போடும் முன் ஒரு தடவை கிரீஸ் போட்டு ஓட்டிப் பாருங்கள். நம் வகுப்பிலேயே இப்போது நாலு பேர் ஓட்டுகிறோம்.

இனி சங்கத்துக்கு ஒரு வார்த்தை. பைக்குகளுக்கு நம் பாலிடெக்னிக்கில் தகரக் கூரை இருக்கிறது. சைக்கிளுக்கு வேப்பமரம்தான். வெயிலில் டயர் வெடிக்கிறது. கூரையில் ஒரு ஓரம், ஒரு காற்றடிக்கும் பம்பு, சனிக்கிழமை மதியம் ஒர்க்‌ஷாப்பில் ஒரு ஸ்பேனர் செட், இந்த மூன்றையும் கேட்டு வாங்கித் தரணும். சேர்மன் அண்ணனிடம் நேரில் சொன்னபோது, "எழுதிக் கொடுப்பா, பார்க்கலாம்" என்றார்.

எழுதிக் கொடுத்துவிட்டேன் அண்ணே.