கிளேர்மான்ட்: ஒரே வீடு, இரண்டு விசாரணைகள்

1769ஆம் ஆண்டு, வங்காளத்தில் மழை பொய்த்துப் பயிர் கருகிக்கொண்டிருந்தது. அதே ஆண்டில் லண்டனுக்குத் தென்மேற்கே, சரே மாவட்டத்து ஈஷர் ஊரருகே 25,000 பவுண்டுக்கு ஒரு எஸ்டேட் கைமாறியது. விற்றவர் நியூகாசில் பிரபுவின் விதவை. வாங்கியவர் ராபர்ட் கிளைவ். 1744இல் 18 வயதுக் குமாஸ்தாவாக மதராஸில் வந்து இறங்கி, 1753இல் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயத்தில் மணமுடித்த அதே கிளைவ்.

கிளேர்மான்ட்டில் அப்போது நின்ற வீடு சாதாரணமானதல்ல. பிளெனிம் அரண்மனையைக் கட்டிய வான்பரோ தனக்கென எழுப்பி, நியூகாசில் பிரபு பெரிதாக்கிய வீடு அது. தாழ்வான ஈர நிலத்தில் இருக்கிறது என்று கிளைவ் அதை இடித்துத் தள்ளினார். மேட்டு நிலத்தில் வெளிர்நிறச் செங்கல்லில் புது மாளிகை எழுந்தது. பொறுப்பேற்றவர்கள் கேப்பபிலிட்டி பிரவுனும் ஹென்றி ஹாலண்டும். முகப்பில் உயர்ந்த தூண்கள். அவற்றுக்கு மேலே முக்கோண நெற்றியில் கிளைவின் குலச்சின்னம். சுவர்களின் தடிமனைப் பார்த்த அக்கம்பக்கத்துக் குடியானவர்கள், சாத்தான் உள்ளே வராதிருக்கத்தான் இப்படிக் கட்டுகிறார் என்று கிசுகிசுத்ததாக வரலாற்றாசிரியர் மெக்காலே பின்னாளில் எழுதினார்.

ஊரார் பேச்சு இருக்கட்டும். பணக் கணக்கைப் பார்ப்போம். பிளாசிப் போருக்குப் பிறகு வங்காள நவாபான மீர் ஜாபரிடமிருந்து கிளைவுக்குக் கிடைத்தது 2,34,000 பவுண்டு. அதற்கு மேல், கல்கத்தாவைச் சுற்றியுள்ள 24 பர்கானா நிலத்திலிருந்து ஜாகீராக ஆண்டுக்குச் சுமார் 27,000 பவுண்டு. கிளேர்மான்ட்டை வாங்க ஒரே ஆண்டின் ஜாகீர் வருமானம் போதும். 1765இல் வங்காளத்தின் வரி வசூலிக்கும் உரிமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வாங்கிக் கொடுத்ததும் அவரே. 1770 பஞ்சத்தில் மக்கள் லட்சக்கணக்கில் மடிந்தபோதும் அந்த வசூல் தளரவில்லை. கிளைவ் 1767லேயே இந்தியாவை விட்டுப் போய்விட்டார் என்பது உண்மைதான். ஆனால் வசூல் எந்திரம் அவர் நிறுவியது.

இந்தச் செல்வம் எப்படி வந்தது என்று 1773இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றமே விசாரித்தது. அந்த 2,34,000 பவுண்டை அவர் பெற்றார் என்று பதிவு செய்தது. கூடவே, நாட்டுக்கு மகத்தான சேவை செய்தவர் என்றும் தீர்மானம் போட்டது. ஒரு காசு திரும்பிப் போகவில்லை. மறுஆண்டு நவம்பரில் கிளைவ் இறந்தார். புது மாளிகையில் குடியிருக்க அவருக்கு வாய்க்கவேயில்லை எனலாம்.

பிற்காலத்தில் கிளேர்மான்ட்டின் பெயர் வேறு துயரங்களோடு ஒட்டிக்கொண்டது. 1817இல் இளவரசி சார்லட் பிள்ளைப்பேற்றில் இங்கே இறந்தார். தாயையும் சேயையும் எண்ணி நாடே அழுதது. 1848இல் பிரான்ஸிலிருந்து தப்பி வந்த மன்னர் லூயி பிலிப் இங்கே தங்கி இரண்டாண்டில் கண்மூடினார். பின்னர் விக்டோரியா அரசி வீட்டைத் தன் மகன் லியோபோல்டுக்குக் கொடுத்தார்.

அந்த லியோபோல்டின் மகன் சார்லஸ் எட்வர்ட் 1884இல் இந்த வீட்டிலேயே பிறந்தவர். பாட்டியின் ஏற்பாட்டில் பதின்ம வயதில் ஜெர்மனிக்குப் போய், சாக்ஸ்-கோபர்க் ஆட்சியாளர் ஆனார். முதல் உலகப் போரில் ஜெர்மன் தரப்பில் நின்றார். 1922இல் தாய் இறந்தபோது வீடு அவர் கைக்குப் போகவில்லை. எதிரியின் சொத்து என்று அரசு எடுத்து விற்றது.

கிளைவிடம் 1773இலும் சார்லஸ் எட்வர்டிடம் 1922இலும் நடந்த இந்த இரண்டு விசாரணைகளையும் அருகருகே வைத்துப் பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை. ஒரு வீடு யாருக்குச் சேரும் என்று கேட்கவும், கேட்டபின் பறிக்கவும் இங்கிலாந்துக்குத் தெரிந்திருந்தது. பிறந்த வீட்டை விக்டோரியாவின் பேரன் இழந்தார். வங்காளத்துக் குடியானவர்களின் வரிப்பணத்தை முழுங்கியவருக்குப் பாராட்டுத் தீர்மானம் கிடைத்தது.

இன்று மாளிகை பள்ளிக்கூடம். தோட்டம் 1949 முதல் பிரிட்டனின் பாரம்பரிய இடங்களைக் காக்கும் தேசிய அறக்கட்டளையிடம். சார்லஸ் பிரிட்ஜ்மன் வடித்த புல்வெளி அரங்கு, ஏரியைப் பார்த்து அரைவட்டமாகப் படிப்படியாக ஏறும் பச்சை மேடு, புதர் மண்டி மறைந்தே போயிருந்தது. 1970களில் புதர்களை வெட்டி, ஒவ்வொரு படியாக அதை மீட்டார்கள். அருமையான வேலை. அறக்கட்டளை தன் சொத்துகளுக்குக் காலனியத்தோடும் அடிமை வணிகத்தோடும் இருந்த உறவை 2020இல் ஆராய்ந்து, 93 இடங்களைப் பட்டியலிட்டபோது மட்டும் அங்கே பலருக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்துக்கு அறக்கட்டளை பணியக் கூடாது. கிளேர்மான்ட்டின் கதையைச் சொல்கிறவர்கள் சார்லட்டின் மரணப் படுக்கையை எவ்வளவு விவரமாகச் சொல்கிறார்களோ, அவ்வளவு விவரமாக 24 பர்கானாவின் வரிக் கணக்கையும் சொல்ல வேண்டும்.